பல்வேரும் பரம்பரையும்: ஒரு மருத்துவக் கருத்தின் சமூக வரலாறு

1

ஒழுங்கற்று அமைந்த பற்களைக் கம்பியின் விசையால் நகர்த்தி வரிசைப்படுத்தும் சிகிச்சையினைப் பற்சீரமைப்பு என்பர். இதனைப் பெறுவோருட் பெரும்பாலோர் இளையோர். சிகிச்சை முடிந்து கம்பி அகற்றப்பட்டதும் பற்கள் வரிசையாக நிற்கும். ஆயின் கதிர்ப்படத்தில் நோக்குமிடத்து, சில பற்களின் வேர்நுனி முன்பிருந்ததிலும் குறுகியிருப்பதைக் காணலாம். இதுவே வேர்க்கரைவு எனப்படுவது. இது வலியின்றி நிகழ்வது, வெளிப்பார்வைக்குப் புலனாகாதது, இழந்த நீளம் மீண்டும் வளர்வதில்லை. மேல்தாடை நடு வெட்டும்பல்லின் வேர் சராசரியாக ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் நீளமுடையது. சிகிச்சை பெறுவோரிற் பெரும்பான்மையோர் இதில் ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் இழப்பதில்லை. அவர்தம் பற்கள் ஆயுட்காலம் முழுவதும் நிலைக்கும். எனினும் 100 பற்களுள் 1 முதல் 5 வரையானவற்றில் வேரின் மூன்றிலொரு பங்கிற்கு மேல் அழிந்துவிடுகின்றது.

ஒரே சிகிச்சை, ஒரே கருவி, ஒரே கால அளவு. எனினும் ஒருவரது வேர் நிலைக்கின்றது, மற்றொருவரது வேர் கரைகின்றது. ஏன்? இவ்வினாவுக்கு ஒன்றேகால் நூற்றாண்டாக மருத்துவர்கள் விடை தேடி வந்துள்ளனர். கருவி என்றனர், சுரப்பி என்றனர், உணவு என்றனர், அண்மைக்காலத்திற் பரம்பரையலகு என்கின்றனர். இவ்விடைகள் ஒன்றையொன்று தொடர்ந்து வந்த வரன்முறையினை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

இலக்கிய மாணவராகிய நாம் இவ்விடயத்தினை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் ஊழ், விதி, பிறவிக்குணம் ஆகிய கருத்துக்கள் நமது சமூக வரலாற்றில் ஆற்றிய பணியினை அறிந்தோர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். துன்பத்தின் காரணத்தைத் துன்பப்படுவோரின் பிறப்பிலே காணும் சிந்தனை எக்காலத்திலும் எவருக்கோ வசதியாக இருந்துள்ளது. அச்சிந்தனை ஆய்வுகூடத்தின் மொழியிற் பேசும்பொழுது அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இங்குள்ள பிரச்சினை.

2

நிரந்தரப் பற்களின் வேர் கரைவதுண்டு என்பதை 1856 இல் பேற்ஸ் என்னும் பிரித்தானியப் பல் மருத்துவர் எடுத்துக்காட்டினார். அக்காலத்திற் பற்சீரமைப்பு ஒரு தனித்துறையாக உருப்பெற்றிருக்கவில்லை. அதனை அவ்வாறு உருவாக்கியவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த எட்வேட் ஆங்கிள் ஆவார். 1899 இல் அவர் பற்பொருத்தக் கேடுகளை வகைப்படுத்தினார். 1900 இல் இதற்கெனத் தனிப் பாடசாலையொன்றை நிறுவினார். அவரிடத்து அறிவியலாளரோடு கைத்தொழில் முயற்சியாளரும் ஒன்றுசேர்ந்திருந்தனர். தாம் ஆக்கிய கருவிகளுக்கு ஆக்கவுரிமை பெற்று, அவற்றைத் தொகுதிகளாக விற்பனைக்கு விடுத்தார். முக அழகின் இலட்சியமாக அவர் கொண்டது கிரேக்கக் கடவுளாகிய அப்போலோவின் சிலையினை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. எல்லா மாந்தருக்கும் பொதுவானதென முன்வைக்கப்பட்ட அளவுகோல் ஐரோப்பிய மேல்மட்டத்தினரின் கலைச் சுவையிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

இவ்வாறு விரிவடைந்த தொழிலுக்கு முதல் அதிர்ச்சியை அளித்தது கதிர்ப்படமே. 1914 இல் ஒற்றோலெங்கி என்பவர் வேர்க்கரைவைப் பற்சீரமைப்புச் சிகிச்சையுடன் நேரடியாகத் தொடர்புபடுத்தினார். 1927 இலும் 1929 இலும் டென்வர் நகரத்து அல்பேட் கெற்சம், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த கதிர்ப்படங்களை ஒப்புநோக்கித் தம் அறிக்கைகளை வெளியிட்டார். சிகிச்சை பெற்றோரிடையே வேர்க்கரைவு மிக அதிகமாக இருந்தமை அவற்றாற் புலனாயிற்று. கெற்சம் தொழிலின் எதிரியல்லர். 1929 இல் அமைக்கப்பட்ட அமெரிக்கப் பற்சீரமைப்புச் சபையின் முதல் தலைவரே அவர்தாம். தொழிலின் உச்சியில் இருந்தவரே அதன் தீங்கினை அளந்து காட்டினார் என்பதை நாம் மதித்தல் வேண்டும்.

தீங்கு நிகழும் முறையும் படிப்படியாகத் துலங்கிற்று. 1904 ஆம் ஆண்டளவில் சுவீடனைச் சேர்ந்த சான்ட்ஸ்ரெற் நாயின் பற்களை விசையால் நகர்த்தி, இழையங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். பல்லையும் தாடையென்பையும் பிணைக்கும் நார்ப்படை மிகையாக அழுத்தப்படுமிடத்து அங்கு குருதியோட்டம் தடைப்படும், கலங்கள் இறக்கும், அவ்விடம் கண்ணாடிபோன்ற படலமாகும். இறந்த இழையத்தை அகற்றவரும் கலங்கள் அத்துடன் நில்லாது, வேரைப் போர்த்துள்ள சீமெந்துப் படையினையும் அரிக்கின்றன. விசை நின்றதும் அரிப்புக் குழிகள் ஓரளவு நிரம்பும். ஆயின் நுனியே அறுபட்டுப்போனால் அது மீள்வதில்லை. 1932 இல் ஸ்வாற்ஸ் என்பவர், நார்ப்படையின் நுண்குழாய்களிலுள்ள குருதியமுக்கத்தை மிஞ்சாத விசையே தகுந்தது என வாதிட்டு, சதுர சென்ரிமீற்றருக்கு 20 முதல் 26 கிராம் என அதனைக் கணித்தார்.

இக்கட்டத்தில் விளக்கம் தெளிவானது. விசை காரணம், வேர்க்கரைவு விளைவு, விசையைக் கட்டுப்படுத்துவது மருத்துவர் கடன்.

3

ஆயின் இவ்விளக்கம் முழுமையானதன்று. சிறு விசையிலும் சிலரது வேர் கரைந்தது. பெருவிசையிலும் சிலரது வேர் தப்பியது. சிகிச்சையே பெறாத சிலரிடத்தும் கரைவு காணப்பட்டது. எனவே நோயாளியின் உடலையும் நோக்கவேண்டியதாயிற்று. 1930 களில் பெக்ஸ் முதலானோர் தைரொயிட் சுரப்பியின் குறைபாட்டைச் சுட்டினர்; மார்ஷல் போசாக்கின்மையைச் சுட்டினார். இவை நேர்மையான தேடல்களே. எனினும் அவற்றின் சமூகப் பயன் வேறானது. வினா கருவியிலிருந்து நகர்ந்து நோயாளியின் குருதிக்குள் புகுந்தது. சுரப்பிக் கொள்கை பொதுவான விளக்கமாக நிலைபெறவில்லை. வினாவின் நகர்வு மாத்திரம் நிலைபெற்றது.

இதே காலத்திற் பரம்பரை பற்றிய சிந்தனையும் பற்சீரமைப்பினுட் புகுந்தது. அது புகுந்த வாயில் இனவாதத்தின் வாயிலாகும். அமெரிக்கரான சார்ள்ஸ் ஸ்ரொக்காட் வெவ்வேறு சாதி நாய்களைக் கலப்பினஞ் செய்து, தாடைக்கும் பல்லுக்கும் பொருத்தமின்மை தோன்றுவதைக் காட்டினார். அவரது நூல் 1941 இல் வெளிவந்தது. ஒரு பெற்றோரிடமிருந்து பெரிய பல்லும் மற்றவரிடமிருந்து சிறிய தாடையும் வந்து சேர்வதால் மனிதரிடத்தும் பற்கேடு விளைகின்றது. இனக்கலப்பே அதற்கு மூலம்: இவ்வாறான கருத்துப் பாடநூல்களிற் பரவலாயிற்று. ஸ்ரொக்காட் பயன்படுத்திய நாய்ச்சாதிகள் சிலவற்றிற் குறுங்கால், குட்டைமுகம் முதலியன தனியொரு பரம்பரையலகின் பேராட்சியால் விளைபவை. மனிதக் குழுக்களிடை அத்தகைய வேறுபாடு இல்லை. 1971 இல் ஹவாய்த் தீவுகளின் பாடசாலை மாணவரிடை சுங் என்பவரும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வு, பல இனத்தவர் கலந்து வாழ்ந்த அச்சமூகத்தில் இனக்கலப்பு பற்கேட்டைப் பெருக்கவில்லை எனக் காட்டிற்று. நாய்களின் முடிவை மனிதருக்கு ஏற்றிய பிழையினைத் திருத்த முப்பது ஆண்டுகள் சென்றன. கருத்துநிலை விரும்பும் முடிவுக்குக் குறைந்த சான்றே போதுமாயிருந்தது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

4

பரம்பரைக் கோட்பாட்டின் அடுத்த கட்டம் எமது நாட்டுடன் தொடர்புடையது. எமது ஆய்வாளர் இதன்பாற் போதிய கவனம் செலுத்தவில்லை என்றே கூறல் வேண்டும்.

1969 இல் ஹரால்ட் லோ என்னும் நோர்வேப் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் முரசுநோயின் போக்கினை ஒஸ்லோ நகரத்து மாணவரிடையும் கல்விமான்களிடையும் ஆராயத் தொடங்கினர். ஒப்பீட்டுக்கென 1970 இல் அவர்கள் தெரிந்துகொண்டோர் இலங்கையின் மத்திய மலைநாட்டில் இரு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர். இவர்கள் தமிழர், ஆய்வாளர் விதந்துரைத்தவாறு, பல்துலக்கும் நவீன முறைகளையோ பல் மருத்துவ வசதியினையோ அறியாதவர். 1985 வரை இத்தொழிலாளரின் வாய் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. 1986 இல் வெளிவந்த கட்டுரை அவர்களை மூன்றாக வகுத்தது. 8 சதவீதத்தினரிடை நோய் விரைந்து பரவிற்று. 81 சதவீதத்தினரிடை மிதமாகப் பரவிற்று. 11 சதவீதத்தினரிடை முரசின் அழற்சிக்கு அப்பாற் செல்லவில்லை. எல்லோர் பல்லிலும் அழுக்குப் படிவு ஏறக்குறைய ஒன்றே, விளைவோ வேறு. எனவே நோயின் போக்கினைத் தீர்மானிப்பதில் உடலின் ஏற்புத்தன்மைக்கும் பெரும் பங்குண்டு என்னும் கருத்து இவ்வாய்வினால் உலகெங்கும் வலுப்பெற்றது. 40 ஆண்டுகளின் பின்னர் எஞ்சியோருள் 75 பேரைக் கண்டறிந்து பரிசோதித்த முடிவுகளும் 2017 இல் வெளியிடப்பட்டன.

இவ்வாய்வின் அறிவியற் பெறுமதியினை நாம் மறுக்கவில்லை. ஆயின் அதன் தலைப்பில் அமைந்த ஒரு தொடர் எம்மைச் சிந்திக்க வைக்கின்றது. மனிதனிடத்து முரசுநோயின் ‘இயற்கை வரலாறு’ என்பதே அத்தொடர். மருத்துவம் தலையிடாத நோயின் போக்கு என்பது அதன் கலைச்சொற் பொருள். மலையகத் தொழிலாளருக்குப் பல் மருத்துவம் இல்லாமற் போனமை இயற்கையா? 1948 இல் அவர்தம் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 இல் இரு அரசுகள் அவர்களைத் தலைக்கணக்கிற் பங்கிட்டுக்கொண்டன. 1970 களின் முற்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களிற் பட்டினிச் சாவுகளை விளைவித்தது. லயத்து அறையில் வாழ்ந்தோரின் வாய் நிலை இயற்கையின் வரலாறன்று, சமூகத்தின் வரலாறு. அச்சமூக நிலைமை எல்லோர்க்கும் ஒன்றே எனக் கொள்ளப்பட்டமையாற் கணக்கிலிருந்து நீங்கியது. எஞ்சிய வேறுபாடு உடலின் வேறுபாடாகத் தோன்றிற்று. இவ்வழிமுறையினை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும்; வேர்க்கரைவின் விடயத்திலும் இதுவே மீண்டும் தோன்றக் காண்போம்.

5

ஏற்புத்தன்மை என்னும் கருத்துக்கு 1997 இல் ஒரு பெயர் கிடைத்தது. அவ்வாண்டிற் கோர்ன்மன் என்பவரும் அவர்தம் குழுவினரும், அழற்சியைத் தூண்டும் இன்ரலூக்கின்-1 என்னும் புரதத்திற்குரிய பரம்பரையலகின் சில வடிவங்கள் புகைப்பழக்கமற்றோரிடைக் கடும் முரசுநோயுடன் தொடர்புடையன என அறிவித்தனர். மிக விரைவில் அதற்கான பரிசோதனை ஐக்கிய அமெரிக்காவிற் சந்தைக்கு வந்துவிட்டது.

அதே 1997 இல் ஹரிஸ், கினெரெற், ரொலி ஆகியோர், கம்பிச் சிகிச்சை பெற்ற 103 உடன்பிறந்தார் இணைகளின் கதிர்ப்படங்களை ஆராய்ந்தனர். குடும்பங்களில் வேர்க்கரைவு தொடர்வதுண்டா என 1975 இலேயே நியூமன் வினவியிருந்தார். இப்பொழுது அதற்கு எண் கிடைத்தது. ஆராய்ந்த நான்கு வேர்களுள் மூன்றில் பரம்பரைப் பங்கு சராசரியாக 70 சதவீதம் என மதிப்பிடப்பட்டது. 2003 இல் அல்-கவாஸ்மியும் ஹாட்ஸ்பீல்டும் ஏனையோரும் 35 அமெரிக்க வெள்ளையர் குடும்பங்களை ஆராய்ந்து, இன்ரலூக்கின்-1 பீற்றாவின் பரம்பரையலகினைச் சுட்டினர். அதன் முதலாம் வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்க்கு 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கரைவு நேரும் அபாயம் 5.6 மடங்கு என்றனர். ஆயின் இவ்வெண்ணின் நம்பிக்கை எல்லை 1.9 முதல் 21.2 வரை விரிந்திருந்தது. மேல் வெட்டும்பற்களிற் காணப்பட்ட வேறுபாட்டில் 15 சதவீதத்தையே அப்பரம்பரையலகு விளக்கிற்று.

இங்கு ஓர் உண்மை ஆழ்ந்து நோக்கத்தக்கது. முரசுநோயில் அபாயமெனக் கருதப்பட்டது அப்புரதத்தை மிகுதியாகச் சுரக்கும் இரண்டாம் வடிவம். வேர்க்கரைவில் அபாயமெனக் கருதப்பட்டதோ அதனைக் குறைவாகச் சுரக்கும் முதலாம் வடிவம். புரதம் குறையின் தாடையென்பு விரைந்து விலகாது. விலகாத என்பின்மீது பல் நெடுநேரம் அழுத்தப்படும். அழுத்தத்தின் சுமை வேரின்மீது விழும். ஆகவே ஒரே பரம்பரையலகின் வடிவமொன்று ஒரு நிலைமையிற் காப்பும் மற்றொரு நிலைமையிற் கேடும் ஆகின்றது. ‘நல்ல’ பரம்பரையலகு, ‘தீய’ பரம்பரையலகு எனப் பிரித்தல் பொருளற்றது. உடலுக்கும் புறநிலைமைக்கும் இடையிலான உறவிலேயே நன்மையும் தீமையும் தோன்றுகின்றன. இயங்கியல் நோக்குடையோர்க்கு இது புதுமையன்று.

பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒத்த முடிவினைத் தரவில்லை. அவற்றை ஒருங்குசேர்த்து நோக்கிய தொகுப்பாய்வுகள் மேற்கூறிய தொடர்பினை உறுதிசெய்யவில்லை. 2015 இல் ஷராப், ஹாட்ஸ்பீல்ட் முதலானோர் வேறொரு பரம்பரையலகினைச் சுட்டினர். அதனுடன் நீண்டநாட் சிகிச்சையும் அபாயமே என அதே ஆய்வு கூறிற்று. இதற்கு முன்னர், 2001 இல், சமெஷிமாவும் சின்கிளேயரும் தென் கலிபோர்ணியாவின் ஆறு தனியார் சிகிச்சை நிலையங்களிலிருந்து 868 நோயாளரை ஆராய்ந்திருந்தனர். ஆசியர்க்கு வேர்க்கரைவு குறைவு, வெள்ளையர்க்கும் இஸ்பானிய மரபினர்க்கும் கூடுதல் என்பது அவர்தம் முடிவுகளுள் ஒன்று. ஆசியர் என்னும் சொல் எவ்வுடலைக் குறிக்கின்றது? யப்பானியர், பிலிப்பைனியர், இந்தியர் ஆகியோரை ஒரு பெட்டிக்குள் அடக்குவது அமெரிக்கக் குடிசன மதிப்பின் வகைப்பாடு, உயிரியலின் வகைப்பாடன்று.

6

பரம்பரைப் பங்கு 70 சதவீதம் என்பதன் பொருள் யாது? ஒருவரது வேர் கரைந்ததற்கு 70 சதவீதம் அவர் பரம்பரையே காரணம் என இதனைப் பலர் விளங்கிக்கொள்கின்றனர். இது பெரும் பிழை. குறித்த மக்கட்கூட்டத்தில், குறித்த நிலைமையில், ஆளுக்காள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பரம்பரை வேறுபாட்டுடன் இணைந்து செல்கின்றது என்பதையே அவ்வெண் கூறும். அத்துடன், உடன்பிறந்தோர் பெரும்பாலும் ஒரே மருத்துவரிடம் செல்வர். ஒரே வீட்டில் உண்பர். அவ்வொற்றுமையும் பரம்பரையின் கணக்கிற் சேர்ந்துவிடக்கூடும். வேறுபாட்டைப் பகுத்தல் ஒன்று, காரணத்தைப் பகுத்தல் மற்றொன்று என்பதை 1974 இல் மார்க்சியப் பிறப்புரிமையியலாளரான ரிச்சட் லெவொன்றின் ஐயத்துக்கிடமின்றி நிறுவினார்.

பத்து வண்டிகளில் ஒரே அளவு மூட்டை ஏற்றப்படுகின்றது. இரண்டு வண்டிகளின் அச்சு முறிகின்றது. முறிந்தவை நொய்ந்த மரத்தால் ஆனவை எனக் கண்டோம். சுமை ஒன்றாயிருந்தமையால், வேறுபாடு முழுவதையும் மரமே விளக்கும். ஆயின் அச்சை முறித்தது சுமையே. மூட்டையை ஏற்றியவர் எவர், எத்தனை ஏற்றினார், எவருடைய ஆதாயத்துக்காக ஏற்றினார் என்னும் வினாக்கள் அக்கணக்கில் தோன்றமாட்டா. நோயாளியின் வாயில் இயங்கும் விசையும் அத்தகையதே. கம்பி கட்டப்படாத வாயில் அப்பரம்பரையலகு இவ்வளவு வேரைக் கரைத்திருக்க இயலாது.

இவ்விடத்தில் முற்போக்காளர் தம்மையும் விசாரணைக்கு உட்படுத்தல் வேண்டும். பிரித்தானிய மார்க்சியரான ஜே. பி. எஸ். ஹோல்டேன், 1938 இல் வெளியிட்ட மரபும் அரசியலும் பற்றிய நூலில், குயத்தொழிற்சாலைகளில் எல்லோரும் மார்புச்சளி நோயால் இறப்பதில்லை என்பதைச் சுட்டி, பிறவியிலேயே அந்நோய்க்கு ஏற்புடையோரைத் தொழிலுக்குச் சேர்க்காது விடுவதன்மூலம் நோயை ஒழிக்கலாம் எனக் கருத்துரைத்தார். தொழிலாளர் நலன் கருதியே அவர் இதனைச் சொன்னார். எனினும் தூசியை அகற்றுவதா, தொழிலாளியை அகற்றுவதா என்னும் வினா எழுமிடத்து, முதலாளி எதனைத் தெரிவான் என்பதை ஊகிப்பது கடினமன்று. 2001 இல் ஐக்கிய அமெரிக்காவின் புகையிரத நிறுவனமொன்று, கைமணிக்கட்டு நோயுற்ற தன் தொழிலாளரின் குருதியை அவர்தம் சம்மதமின்றிப் பரம்பரையலகுப் பரிசோதனைக்கு உட்படுத்தியமை வழக்குக்கு வந்தது. 2008 இல் தொழிலிலும் சுகாதாரக் காப்புறுதியிலும் இத்தகைய பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது.

மறுபுறத்தில் லைசென்கோவின் அனுபவமும் உண்டு. 1948 இல் சோவியத் நாட்டிற் பிறப்புரிமையியல் அரச ஆணையால் ஒடுக்கப்பட்டது. பரம்பரையை மறுப்பதே பொருள்முதல்வாதம் என எண்ணியோர் உயிரியலுக்கும் மார்க்சியத்துக்கும் ஒருங்கே கேடு விளைவித்தனர். அவ்வழியில் நாம் செல்லமாட்டோம். பரம்பரையலகு பொருளாலானது, அதன் செயல் மெய்யானது. ஒருவரது வேர் பிறரதைக் காட்டிலும் எளிதிற் கரையும் என்பது உண்மையாயின், அதனை அறிவது நன்றே. அறிந்தபின் அவ்வறிவு எவர் கையில் எவ்வாறு பயன்படுகின்றது என்பதே வினா.

7

அறிவு இரு வழிகளிற் பயன்படலாம். ஒன்று, சிகிச்சை தொடங்குமுன் நோயாளியிடம் அபாயத்தை எடுத்துரைத்து, விசையைக் குறைத்து, காலத்தைச் சுருக்கி, விழிப்புடன் நடத்துவது. மற்றொன்று, வேர் கரைந்தபின் ‘உமது பரம்பரை அவ்வாறு’ என்று கூறிப் பொறுப்பிலிருந்து விலகுவது. முதலாவது மருத்துவம், இரண்டாவது பழைய ஊழ்வினையின் புதிய உரை.

முதலாவது வழிக்குப் பரம்பரையலகுப் பரிசோதனை இன்னும் இன்றியமையாததன்று. சிகிச்சை தொடங்கி ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் கதிர்ப்படம் எடுத்து வேரைப் பார்த்தல். கரைவு காணின் இரண்டு மூன்று மாதம் விசையை நிறுத்துதல். கடும் விசையைத் தவிர்த்தல். சிகிச்சையின் இலக்கை நோயாளியுடன் கலந்து சுருக்குதல் ஆகியனவே 2010 இல் வெளியான முறைசார் மீளாய்வும் அதனையொத்த பிறவும் வலியுறுத்துவன. உடன்பிறந்தோருக்கு நேர்ந்ததைக் கேட்டறிதல் செலவற்ற பரம்பரைப் பரிசோதனையாகும். இவற்றுக்கு வேண்டியது விலைக்கு விற்கப்படும் பரிசோதனைப் பெட்டியன்று. ஒவ்வொரு நோயாளியுடனும் செலவிடப்படும் நேரம். நேரமே பணமாக மாற்றப்படும் தனியார் சிகிச்சை முறையில் அதுவே அரிதாகின்றது.

கெற்சம் தம் தொழிலின் தீங்கினைத் தாமே அளந்து வெளியிட்டார். அவர் தொடங்கிய வினா, விசையும் உடலும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம்பற்றியது. இவ்விரண்டில் உடலை மாத்திரம் தனித்தெடுத்து ஆராய்வது பாதி அறிவியலாகும். அப்பாதியை முழுமையெனக் காட்டுவது கருத்துநிலையாகும். மலைநாட்டுத் தோட்டத்தில் 480 தொழிலாளர் தம் வாயைத் திறந்து காட்டினர். அவ்வாய்களிலிருந்து உலகம் உடலின் ஏற்புத்தன்மையைக் கற்றுக்கொண்டது. லயத்தின் வரலாற்றையும் அங்கேயே கற்றிருக்கலாம், அதனைக் கற்கவில்லை. அந்தக் கணக்கைத் திறந்து படிக்கவேண்டிய கடன் எமது நாட்டின் ஆய்வறிவாளர்க்கு இன்னும் உள்ளது.